மைக் செட்டில் ஒலித்த ஜாஸ்

இந்தியாவின் ஜாஸ் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பம்பாய் தாஜ் ஹோட்டலில்தான் ஆரம்பிப்பார்கள். 1935இல் அங்கே வாசித்த லியான் ஆபியின் குழு, பின்னால் வந்து 1945இல் கல்கத்தாவிலேயே கண்ணை மூடிய பியானோக்காரர் டெடி வெதர்ஃபோர்ட் என்று அது நீளும். சென்னைக்கு அதில் இரண்டு வரி கிடைத்தால் அதிகம். அமெரிக்க அரசு அனுப்பி 1958இல் டேவ் புரூபெக் வந்தார், 1963இல் டியூக் எலிங்டன் குழு வந்தது, அவ்வளவுதான். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையில் கிடக்கும் விக்கிரவாண்டி இந்த வரலாற்றில் தலைகாட்ட வழியே இல்லை. ஆனால் அரங்குக்கு யார் டிக்கெட் வாங்கினார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, யார் காதில் எது விழுந்தது என்று பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. பழைய ஜாஸின் ஓசையை இந்தப் பக்கத்து ஜனங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு ரசித்தார்கள். அதற்குப் பெயர் ஜாஸ் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதே என் கட்சி.

ஓசை வந்த வழி சினிமா. ஹோட்டல்களில் வாசித்த கோவாக்காரர்கள் பம்பாய் ஸ்டுடியோக்களுக்குள் நுழைந்த கதை பலருக்கும் தெரியும், சி. ராமச்சந்திராவின் 'அல்பேலா'வில் (1951) டிரம்பெட்காரர் சிக் சாக்லேட் திரையிலேயே வருகிறார். அதே ராமச்சந்திரா இசையமைப்பாளராகத் தொடங்கியது தமிழ்ப் படங்களில், 1941இன் 'வனமோகினி' அவற்றில் ஒன்று என்பதை நாம் ஏனோ பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. கோடம்பாக்கத்தில் இந்த ஓசை முழு வளர்ச்சி கண்டது விஸ்வநாதன்–ராமமூர்த்தி காலத்தில். எலிங்டன் வந்துபோன மறு வருஷம், 1964இல், 'புதிய பறவை'யும் 'சர்வர் சுந்தர'மும் வெளிவந்தன. முதல் படத்தின் விருந்துப் பாட்டில் பியானோவும் சாக்ஸபோனும் நாயகிக்குச் சமமாகப் பேசுகின்றன. இரண்டாவதில் பாட்டு பதிவாவதையே காட்சியாக்கி, டி.எம். சௌந்தரராஜனையும் விஸ்வநாதனையும் வாத்தியக் கோஷ்டியையும் காட்டிவிட்டார்கள். அந்தச் சில நிமிஷப் படச்சுருள், ஸ்டுடியோக்காரர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதற்கு நமக்கு வாய்த்த அரிய சாட்சி. சென்னை அரங்கில் எலிங்டனைக் கேட்டவர்கள் ஒரு மாலைக் கூட்டம். இந்தப் பாட்டுகளோ டூரிங் டாக்கீஸில் ஓடின, இலங்கை வானொலியில் வந்தன, கல்யாண வீட்டு மைக் செட்டில் குழாய் ஸ்பீக்கர் வழியே ஊரெல்லாம் கேட்டன. 1952இல் மத்திய அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்ததும், ஜனங்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள். ரயில்வே ஜங்ஷன்களில் ஆங்கிலோ இந்தியர்களின் இன்ஸ்டிட்யூட் நடனங்களும் உண்டுதான். ஆனால் அவை உள்ளே இருந்தவர்களுக்கு மட்டுமானவை.

இது ஜாஸே அல்ல, வெறும் காப்பி என்று இசை தெரிந்தவர்கள் மறுப்பார்கள். அவர்கள் சொல்லும் காரணம் வலுவானது: ஜாஸின் உயிர் மனோதர்மம், சினிமாப் பாட்டிலோ எல்லாம் நொட்டேஷன் தாளில் எழுதியது. இதில் பாதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கற்பனை ஸ்வரம் பாட நேரம் தராத கச்சேரி மாதிரி, நீண்ட தனி வாசிப்புக்கு அங்கே இடமில்லை. ஆனால் லூயி ஆம்ஸ்ட்ராங் 1920களில் பதிந்த புகழ்பெற்ற தட்டுகளும் மூன்று நிமிஷ எல்லைக்குள் அடங்கியவைதான். எலிங்டனின் பெருங்குழுவிலும் பெரும்பகுதி எழுதி வாசித்த இசையே. தாளம் லத்தீன் அமெரிக்கப் பாணி, பாங்கோஸ் சத்தம், அது வேறு வகை என்பது இன்னொரு மறுப்பு. ஜாஸ் டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பி 1947இலேயே கியூபத் தாளக்காரர் சானோ போஸோவைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். அந்தக் கலப்பை ஜாஸ் என்று அமெரிக்கா ஏற்றபின் நாம் மட்டும் ஆசாரம் பார்ப்பானேன்?

இவற்றைவிட எனக்குக் கனமாகப் படும் மறுப்பு ஒன்று உண்டு. ஜாஸ் ரசிகர் ஆளை ரசிப்பவர். சாக்ஸபோனில் நாலு ஸ்வரம் கேட்டதும் இது கோல்மன் ஹாக்கின்ஸ், இது லெஸ்டர் யங் என்று சொல்லிவிடுவார். நம் இசைத்தட்டில் பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும்தான் அச்சாயின. டிரம்ஸ் வாசித்த நோயல் கிராண்ட் போல ஒருசிலரே பின்னாளில் ரசிகர்கள் வாயில் நிலைத்தார்கள். சாக்ஸபோன் கலைஞர் என்று ஒருவரைத் தமிழ்நாடு பெயர் சொல்லிக் கொண்டாட கத்ரி கோபால்நாத் வரவேண்டியிருந்தது. 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஜான் ஹாண்டியோடு மேடையேறிய அவர், 1994இல் 'டூயட்' படத்துக்கு வாசித்தபோது பெயர் போஸ்டர் வரை போனது. அதற்கு முப்பது வருஷம் முந்தைய தட்டுகளில் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பில்லை. ஆகவே இங்கே ரசனை ஆளைப் பற்றாமல் வாசிப்பைப் பற்றிக்கொண்டு வளர்ந்தது. அது குறைபட்ட ரசனை என்றால் சரி; ஆனால் பெயரை மறைத்தது தட்டு போட்டவர்கள், கல்யாணப் பந்தலில் கேட்டவர்கள் அல்ல.