முகமறியாக் கைகள் – யுனிக்ஸ் மென்பொருள் நிறுவல் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

கணினியில் ஒரு மென்பொருளை நிறுவவோ புதுப்பிக்கவோ வேண்டுமென்றால் ஒரு வரி ஆணையைத் தட்டுகிறோம்; 'ஆம்' என்பதற்குரிய எழுத்தை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தப் போய்விடுகிறோம். திரும்பி வரும்போது நூற்றுக்கணக்கான கோப்புகள் மாறியிருக்கின்றன. அவற்றை எழுதியவர் யார், பொதியாகக் கட்டியவர் யார், இடையில் எத்தனை கைகள் பட்டன என்று நாம் கேட்பதில்லை. கேட்காமல் இருக்க முடிகிறதே, அதுதான் இவ்வரலாற்றின் பெருஞ்சாதனை. அந்தச் சாதனையை உலுக்கிய இரண்டு நிகழ்ச்சிகளும் இவ்வரலாற்றிலேயே உண்டு. அவற்றை அடையுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தொடக்கத்தில் எல்லாம் காந்த நாடாவாகத்தான் இருந்தது. 1956-இல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஏடி அண்ட் டி நிறுவனம் தொலைபேசித் துறைக்கு அப்பாற்பட்ட வணிகத்தில் இறங்கக்கூடாது. ஆகவே அதன் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யுனிக்ஸ் இயங்குதளத்தைச் சந்தைப் பண்டமாக விற்க வழியில்லை. கேட்ட பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பக் கட்டணத்தில், மூலநிரலோடு, நாடாவில் அனுப்பினார்கள். பிழைதிருத்தம், பராமரிப்பு, உதவி எதற்கும் உத்தரவாதம் கிடையாது. பெற்றுக்கொண்டவர்கள் தங்களுக்குள்தான் உதவிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் கண்ட பிழைக்கு இன்னொருவர் மருந்து எழுதி, அதையும் நாடாவில் அனுப்புவார். 1978-இன் தொடக்கத்தில் பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய் தாமும் தோழர்களும் எழுதிய நிரல்களைத் தொகுத்து ஏறத்தாழ முப்பது படிகளை அனுப்பினார். பின்னாளில் புகழ்பெற்ற பி.எஸ்.டி. மரபின் முதல் வெளியீடு அதுவே. இன்றும் மூலநிரலைக் கட்டி அனுப்பப் பயன்படும் 'டார்' என்னும் கருவியின் பெயரில் அந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'டேப் ஆர்கைவ்' என்பதன் சுருக்கம்தான் அது. நாடா போய்விட்டது, பெயர் போகவில்லை.

நாடாவில் வந்ததை ஓடும் நிரலாக்குவது தனி வேலை. 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுது முழுவதும் சரியாக இருந்த ஒரு நிரலில் பிழை தேடி அலைந்திருக்கிறார். பிழையைத் திருத்தியாயிற்று, ஆனால் திருத்திய கோப்பை மறுபடி தொகுக்க மறந்துவிட்டார். அவர் புலம்பியதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், எந்தக் கோப்பு மாறினால் எதை மறுபடி தொகுக்க வேண்டும் என்பதைத் தானே கண்டறியும் 'மேக்' என்னும் கருவியை ஒரு வார இறுதியில் எழுதத் தொடங்கினார். அதில் ஆணை வரி ஒவ்வொன்றும் டேப் எழுத்தில் தொடங்கியாக வேண்டும் என்றொரு விதி வைத்தார். வெற்று இடைவெளி போட்டால் வேலை செய்யாது. கண்ணுக்கோ இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தவறான முடிவு என்று அவருக்கே சீக்கிரம் புரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொல்லை கொடுக்க மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்குக் காட்டிய கருணையால் அதன்பின் வந்த தலைமுறைகள் அனைத்தும் அவதிப்படுகின்றன. ஏற்கெனவே பயன்படுத்துகிறவருக்கு இடையூறு செய்யாமல் ஒன்றை எப்படி மாற்றுவது என்ற கேள்வியைப் புதுப்பித்தலின் வரலாறு முழுவதிலும் காண்கிறோம்.

இந்தக் கேள்விக்குக் கிடைத்த அழகான விடைகளுள் ஒன்று 'பேட்ச்'. இரண்டு கோப்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை மட்டும் பட்டியலிடும் 'டிஃப்' என்னும் கருவி 1970-களிலேயே யுனிக்ஸில் இருந்தது. 1985 மே மாதத்தில் லாரி வால் (பின்னாளில் பெர்ல் மொழியைப் படைத்தவர்) அந்தப் பட்டியலை வாங்கிப் பழைய கோப்பில் தானே பொருத்திவிடும் நிரலை யூஸ்நெட்டில் வெளியிட்டார். நம் பழைய பதிப்புகளின் இறுதியில் பிழைதிருத்தப் பட்டியல் ஒன்று ஒட்டியிருக்கும் அல்லவா, பக்கம் இத்தனை, வரி இத்தனை, பிழை இது, திருத்தம் இது என்று? அந்தப் பட்டியல் தானாகவே எழுந்து சென்று நூலைத் திருத்திவிட்டு வந்தால் எப்படியிருக்கும்? பேட்ச் செய்தது அதைத்தான். நம் கையிலுள்ள படியில் நாமே சில வரிகளைச் சேர்த்து, வரி எண்கள் சற்றுத் தள்ளிப்போயிருந்தாலும் சூழலைப் பார்த்து உரிய இடத்தைக் கண்டுபிடித்துவிடும். முழு மூலத்தையும் அனுப்பாமல் சில வரிகளை மட்டும் அனுப்பினால் போதும் என்றானபின், முகமறியாதவர்கள் தொலைவிலிருந்து கூடி உழைப்பது நடைமுறையில் சாத்தியமாயிற்று.

ஆயினும் சாதாரணப் பயனருக்கு நிறுவுதல் வேதனையாகவே இருந்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் யுனிக்ஸும் ஒவ்வொரு விதம். 1991-இல் டேவிட் மெக்கென்ஸி எழுதிய 'ஆட்டோகான்ஃப்', கணினியின் இயல்பைத் தானே சோதித்தறியும் நீண்ட ஆணைத்தொடர்களை உருவாக்கிக் கொடுத்தது. டார் கட்டை அவிழ், 'கான்ஃபிகர்' என்பதை ஓட்டு, பிறகு மேக். இந்த மூன்றடி மந்திரத்தை ஒரு தலைமுறையே ஜபித்தது. அந்தச் சோதனைத் தொடர்கள் பல்லாயிரம் வரி நீளும். ஒருவரும் அவற்றைப் படிப்பதில்லை. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இனி டெபியன். 1993 ஆகஸ்ட் 16 அன்று, அமெரிக்க மாணவர் இயன் மர்டாக் புதியதொரு லினக்ஸ் வழங்கலை அறிவித்தார். அக்காலத்தில் பரவலாக இருந்த எஸ்.எல்.எஸ். என்னும் வழங்கலின் பிழைகளால் சலித்துப்போய் எடுத்த முடிவு அது. தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து 'டெபியன்' என்றார். ஒருவரே எல்லாவற்றையும் தொகுப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு தன்னார்வலர் பொறுப்பேற்பது என்பது ஏற்பாடு. ஆனால் ஒருவரையொருவர் நேரில் காணாத பலர் தனித்தனியே கட்டும் பொதிகள் ஒரே கணினியில் சண்டையின்றி வாழ வேண்டுமே? அதற்கு இரண்டு தேவைப்பட்டன: ஒன்று கருவி, மற்றொன்று சட்டம். கருவி 'டிபிகேஜி', இயன் ஜாக்சன் 1994-இல் அதைச் சி மொழியில் எழுதியளித்தார். சட்டம், பொதிகள் எவ்வாறு அமைய வேண்டும் என்று வரையறுத்த கொள்கை ஆவணம்.

அச்சட்டத்தில் நம்மை மிகவும் கவர்ந்த பகுதி பயனரின் அமைப்புக் கோப்புகளைப் பற்றியது. புதுப்பிக்கும்போது, பயனர் தம் கையால் திருத்தி வைத்த அமைப்புக் கோப்பு ஒன்று இருந்து, பொதியிலும் அதன் புதிய வடிவம் வந்திருந்தால், டிபிகேஜி நின்று கேட்கும்: உம்முடையதை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா? விடையளிக்காமல் வெறுமனே நுழைவு விசையைத் தட்டினால் பயனருடையதே நிற்கும். பாடபேதம் கண்ட இடத்தில் தன் விருப்பப்படி திருத்திவிடாமல் ஏட்டின் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு எழுதும் படியெடுப்பாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

ஒரு பொதி ஓட வேண்டுமானால் இன்னின்ன நூலகங்கள், இன்னின்ன பதிப்புக்குக் குறையாமல் தேவை என்று பொதியே அறிவிக்கும். இதைச் சார்பு என்கிறோம். டிபிகேஜி சார்பு நிறைவேறாவிட்டால் மறுத்துவிடும். ஆனால் தேவையானதைத் தேடிக்கொண்டு வராது. அந்தத் தேடல் பயனரின் தலைவிதி. 1998 ஜூலையில் வெளிவந்த டெபியன் 2.0-இல் எல்லா நிரல்களுக்கும் அடித்தளமான சி நூலகமே ஐந்தாம் பதிப்பிலிருந்து ஆறாம் பதிப்புக்கு மாறியது. எந்தப் பொதியை முதலில் ஏற்றுவது, எதை அடுத்து ஏற்றுவது என்ற வரிசை பிசகினால் கணினி முடங்கும். வீட்டில் குடியிருந்துகொண்டே அஸ்திவாரத்தை மாற்றுவதற்கு ஒப்பானது அது. இந்த வரிசையைக் கணக்கிடும் பொறுப்பை ஏற்கவே 'ஆப்ட்' பிறந்தது. 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1-இல் அது இடம்பெற்றது. தொலைவிலுள்ள களஞ்சியத்தின் பட்டியலைப் படித்து, சார்புகளைக் கணக்கிட்டு, வேண்டியவற்றை இறக்கி, சரியான வரிசையில் டிபிகேஜியிடம் ஒப்படைக்கும். தன்னிடம் மகா பசுவின் ஆற்றல் உண்டு என்று அது உதவிப் பக்கத்தில் பீற்றிக்கொள்வதையும், 'மூ' என்று ஆணையிட்டால் ஒரு பசுவை வரைந்து காட்டுவதையும் சொல்லாமல் விட மனமில்லை.

2000 ஆகஸ்டில் வந்த டெபியன் 2.2 ஜோயல் க்ளெக்கர் என்ற இளைஞரின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. 'எஸ்பி' என்ற புனைபெயரில் குழுவினர் அவரை அறிவார்கள். அதற்கு முந்தைய மாதம் இறந்தபோது அவருக்கு வயது 21. டெபியனுக்காக உழைத்த காலத்தின் பெரும்பகுதியைத் தசைச்சிதைவு நோயோடு படுக்கையில் கழித்தவர் அவர் என்பதே குழுவில் பெரும்பாலோருக்குத் தெரியாது. முகமறியாக் கைகள் என்று தலைப்பிட்டபோது நாம் முதலில் நினைத்தது அவரைத்தான்.

எல்லாக் கைகளும் உரியவருடைய கைகளா என்ற ஐயம் 2003 நவம்பரில் எழுந்தது. உறுப்பினர் ஒருவரின் கடவுச்சொல்லைக் கவர்ந்த எவரோ, லினக்ஸ் கருநிரலின் ஓட்டை ஒன்றைப் பயன்படுத்தி டெபியனின் சில வழங்கிகளில் முழு அதிகாரம் பெற்றுவிட்டார். பொதிக் களஞ்சியம் தப்பியது. எனினும் 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0 முதல், மின்கையொப்பமிட்ட பட்டியலோடு ஒத்துப்போகாத பொதியை ஆப்ட் எச்சரிக்கையின்றி ஏற்பதில்லை என்றாயிற்று. வழியில் எவரும் மாற்றவில்லை என்பதைக் கையொப்பம் உறுதி செய்யும். அனுப்பியவரே அறியாமல் பிழை செய்திருந்தால் அது என்ன செய்யும்?

விடை 2008 மே 13 அன்று தெரிந்தது. உண்மையில் பிழை நிகழ்ந்தது 2006-இல். ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நூலகத்தை 'வால்கிரைண்ட்' என்ற சோதனைக் கருவியில் ஓட்டினால், மதிப்பிடப்படாத நினைவகத்தைப் படிக்கிறது என்று எச்சரிக்கைகள் குவிந்தன. டெபியனில் அந்தப் பொதிக்குப் பொறுப்பாளராக இருந்தவர் காரணமான இரண்டு வரிகளைக் கண்டறிந்து, நீக்கலாமா என்று மூல நூலகத்தின் மடற்குழுவில் கேட்டார். பெரிய ஆட்சேபம் எழவில்லை, நீக்கினார். இரண்டும் ஒன்றுபோலத் தோற்றமளிக்கும் வரிகள். ஒன்றை நீக்கினால் கேடில்லை. மற்றொன்றோ, மறைசாவிக்கு வேண்டிய தற்செயல் தன்மை முழுவதும் உள்ளே நுழையும் வாசல். அது அடைபட்டபின் எஞ்சியது இயங்கும் நிரலின் வரிசை எண் மட்டுமே. அதற்கு 32,768-க்கு மேல் மதிப்புகள் கிடையா. கோடானுகோடி ஆண்டு முயன்றாலும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டிய சாவியைச் சில மணி நேரத்தில் வரிசையாகச் சோதித்துப் பார்த்துவிடலாம். டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் ஏறத்தாழ இருபது மாதங்கள் பிறந்த சாவிகள் எல்லாம் அத்தகையவை. லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது.

திருத்திய பொதி உடனே களஞ்சியத்துக்கு வந்தது. ஆப்ட் அதை எங்கும் கொண்டுசேர்த்தது. ஆனால் புதுப்பித்தலால் நிரலைத்தான் திருத்த முடியும், அந்நிரல் முன்பு ஈன்றெடுத்தவற்றை அல்ல. பலவீனமான சாவிகள் டெபியனே இல்லாத கணினிகளுக்கும் நகலாகிச் சென்றிருந்தன. ஆகவே கெட்ட சாவிகளின் பட்டியலையே ஒரு பொதியாக்கி அனுப்பினார்கள். பட்டியலில் உள்ளதை எஸ்எஸ்ஹெச் ஏற்க மறுத்தது. அந்தப் பொறுப்பாளரைப் பலர் ஏசினார்கள். நமக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கேட்டுவிட்டுத்தான் செய்தார். செய்ததை எல்லோரும் பார்க்கும் இடத்தில்தான் வைத்தார். பார்க்கத்தான் ஆளில்லை.

2024-இல் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே கை தவறவில்லை, கையே பகை. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் நிரல். பின்லாந்தின் லாஸே காலின் ஊதியமின்றிப் பல்லாண்டு பராமரித்துவந்தார். முன்போல் தம்மால் கவனிக்க இயலவில்லை என்று 2022-இல் அவர் மடற்குழுவில் எழுதவும் நேர்ந்தது. ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் 2021 முதல் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளராகவும் ஆனார். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0, அடுத்த மாதம் வந்த 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவை ஒளித்துவைத்தார். எங்கே ஒளித்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதை இயக்கத் தேவையான தொடக்க வரிகள் எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை; வெளியீட்டு டார் கட்டில், எவரும் படிக்காத அந்தச் சோதனைத் தொடர்களுக்கிடையில் இருந்தன. குறியாகக் கொண்டது எஸ்எஸ்ஹெச் வழங்கியை. அது நேரடியாக எக்ஸ்இசட்டைப் பயன்படுத்துவதே இல்லை. டெபியன் உள்ளிட்ட சில வழங்கல்கள் சிஸ்டம்டி நூலகத்தை அதில் இணைத்திருந்தன, சிஸ்டம்டி நூலகம் எக்ஸ்இசட்டைச் சார்ந்திருந்தது. சார்புச் சங்கிலியே ஏணியாயிற்று.

ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்பவர் போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். டெபியனின் நிலையற்ற பதிப்பை இயக்கிய அவருடைய கணினியில் எஸ்எஸ்ஹெச் நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாயிற்று. சில வாரங்களுக்கு முன் பொதிகளைப் புதுப்பித்தபின் வால்கிரைண்ட் விசித்திரமான எச்சரிக்கை தந்ததும் அவருக்கு நினைவுக்கு வந்தது. 2006-இல் தொல்லையென்று கருதி அடக்கப்பட்ட அதே கருவியின் குரல்தான். இவர் விடாமல் நூலைப் பிடித்துக்கொண்டு சென்று, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். டெபியனின் நிலைத்த பதிப்பை அந்தப் பொதி இன்னும் அடைந்திருக்கவில்லை.

சோதனை நிலைப் பதிப்புகளை ஓட்டியவர்களைப் பழைய நல்ல பதிப்புக்குத் திருப்ப வேண்டியிருந்தது. அங்கே ஒரு சங்கடம்: ஆப்ட் புதுப்பிக்கும்போது கூடுதல் எண்ணையே நாடும், பின்னோக்கிப் போகாது. 5.6.1-ஐ வைத்திருக்கும் கணினி 5.4.5-ஐத் தானாக ஏற்காது. ஆகவே டெபியன் குழுவினர் பழைய பதிப்பையே எடுத்து, எண்ணை மட்டும் முன்னேறியதுபோல் எழுதி வெளியிட்டார்கள்: '5.6.1+ரியலி5.4.5-1'. 'ரியலி' என்றால் 'உண்மையில்'. மறுநாள் புதுப்பித்தவர்களின் திரையில் அந்தச் சொல் ஒரு பதிப்பு எண்ணின் நடுவே நின்றது.