ஓடியவர்கள் சொன்ன கதை

ஆனிப் பௌர்ணமியன்று காரைக்கால் பாரதியார் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையிலும் துண்டிலும் ஏந்துவார்கள். சில ஆண்டுகளுக்கு முன், தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடியில் நின்று நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் பெண் தன் 16 வயது மகனுடன் கீழே நின்றிருந்தார். அவனுக்கு ஆட்டிசம். மேளம், வெடி, ஒலிபெருக்கி, நெருக்கும் உடம்புகள். திடீரென்று அவன் காதுகளைப் பொத்திக்கொண்டு கத்தினான். தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். கூட்டம் சட்டென்று விலகியது. "பிடிங்க, அடிச்சுடப்போறான்" என்றது ஒரு குரல். "போலீசைக் கூப்பிடுங்க" என்றது இன்னொன்று. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் முன்னால் வந்து அவன் கன்னத்தில் அறைந்தார்.

மறுநாள் அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: "அக்கா, நீங்க மேலேருந்து பாத்தீங்கள்ல? எம்புள்ள யாரையாவது தொட்டானா?"

தொடவில்லை. ஆனால் ஊரில் பரவிய கதை வேறு. சில நாள் கழித்து வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், ஆட்டிசம் இருந்தா கொலைகூட பண்ணுவாங்களாமே?" அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எங்கேயோ படித்ததைக் கேட்டாள். அந்த 'எங்கேயோ' எது என்று தேடியபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல். 'ஆட்டிசம்' என்ற சொல்லை 1911இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் தன் நூலில் பயன்படுத்தியது குழந்தைகளைக் குறிக்க அல்ல. மனச்சிதைவு நோயின் ஓர் அறிகுறியைக் குறிக்க. அந்த ஒட்டு விடுபடப் பல பத்தாண்டுகள் ஆயின. 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு ஆட்டிசத்தைத் தனி வகையாகப் பிரித்தது.

குழந்தைகளிடம் இந்த இயல்பை முதலில் விரிவாக விவரித்தவர்களில் ஒருவர் ஒரு பெண்: மாஸ்கோவில் பணியாற்றிய குருன்யா சுகரேவா. 1925இல் ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதினார். பின்னர் சிறுமிகளைப் பற்றியும் எழுதினார். அவருடைய பெயர் நெடுங்காலம் பாடநூல்களில் இல்லை. பாடநூல்களில் நின்ற பெயர்கள் இரண்டு ஆண்களுடையவை. 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய லியோ கானர் ஒருவர். 1944இல் வியன்னாவில் எழுதிய ஹான்ஸ் ஆஸ்பெர்கர் மற்றவர்.

ஆஸ்பெர்கர் தன் கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சிறுவர்களை 'ஆட்டிச சைக்கோபாத்'கள் என்றார். அக்கால ஜெர்மானிய மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு இயல்பு மாறிய ஆளுமை என்ற அளவுதான் பொருள். சுகரேவாவும் அதைப் பயன்படுத்தியவர்தான். ஆனால் சொற்கள் பழைய பொருளோடு பயணம் செய்வதில்லை. ஆஸ்பெர்கர் அந்தச் சிறுவர்களிடம் 'வன்மம்' கண்டதாகவும் எழுதினார். ஒரு குழந்தை தாங்க முடியாமல் செய்ததை, திட்டமிட்டுச் செய்ததாகப் படித்த பார்வை அது. அந்தப் பார்வை எங்கே கொண்டுபோகும் என்பதற்கும் அவரே சாட்சி. 1941இல் மூளை பாதித்த ஒரு சிறுமியை, இன்னும் மூன்று வயதுகூட நிறையாதவளை, வீட்டில் தாய்க்குத் தாங்க முடியாத பாரம் என்று குறிப்பெழுதி ஸ்பீகல்குருண்ட் என்ற இடத்துக்கு அனுப்பினார். நாஜி ஆட்சியில் ஏறக்குறைய 800 குழந்தைகள் உயிரிழந்த இடம் அது. அவளும் அங்கேயே இறந்தாள். ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் 2018இல் இந்த ஆவணங்களை வெளியிட்டார். 'தாயின் பாரம்' என்ற சொல் தாயின் மேல் இரக்கம் போலத் தெரியும். அதை வைத்துத்தான் அவள் குழந்தையை எடுத்துக்கொண்டார்கள்.

கானரும் பெற்றோரின், குறிப்பாகத் தாயின், 'குளிர்ச்சி'யைப் பற்றிப் பேசினார். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் அதை ஒரு நூலாகவே எழுதிப் பரப்பினார். அன்பில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற அந்தக் கருத்தை அறிவியல் கைவிட்டுவிட்டது. தெருக்கள் கைவிடவில்லை. அறைந்தவரை விட்டுவிட்டு, "பொம்பள ஒழுங்கா வளக்கலை" என்று சொன்னவர்களும் அன்று பாரதியார் சாலையில் இருந்தார்கள்.

இந்த வரலாற்றில் 'சைக்கோபாத்' என்ற சொல்லின் ஆபத்தை உணர்ந்து அதை எடுத்துப் போட்டவரும் ஒரு பெண்தான். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லார்னா விங் ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாய். 1981இல் எழுதிய கட்டுரையில், பழைய பெயரைச் சமூக விரோத நடத்தை என்றே மக்கள் புரிந்துகொள்வார்கள் என்பதால் 'ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம்' என்ற பெயரைத் தேர்ந்தார். ஸ்பீகல்குருண்ட் கதை அப்போது வெளியே வரவில்லை. ஆஸ்பெர்கரின் பெயர் இன்று நமக்கு உறுத்துகிறது. ஆனால் அவர் எதைத் தடுக்க முயன்றார் என்பது முக்கியம்.

தடுப்பு நிற்கவில்லை. வன்முறை செய்த ஒருவரைப் பற்றி ஒரு மருத்துவக் கட்டுரை வரும். அதைப் படித்து இன்னொன்று வரும். 1991இல் மருத்துவர்கள் சிலர் அதுவரை அச்சான ஆஸ்பெர்கர் விவரங்களைத் திரட்டிப் பார்த்தார்கள். 132 பேரில் தெளிவான வன்முறை வரலாறு இருந்தது 3 பேருக்கு. சுவீடனில் 2017இல் வெளியான ஆய்வு இன்னும் பெரியது: ஸ்டாக்ஹோமின் 2,95,734 இளைஞர்கள், அவர்களில் ஆட்டிசம் உள்ளவர்கள் 5,739. மேலோட்டமாகப் பார்த்தபோது ஆட்டிசம் உள்ளவர்களிடம் வன்குற்றத் தண்டனை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. கவனக்குறை மிகையியக்கம், நடத்தைக் கோளாறு ஆகியவை உடன் இருந்தவர்களைக் கணக்கில் கொண்டதும் அந்தக் கூடுதல் மறைந்துபோனது. ஆட்டிசத்தின்மேல் சுமத்திய குற்றம் ஆட்டிசத்துடையது இல்லை.

ஆனால் மாணவி படித்தது ஆய்வேட்டை அல்ல, செய்தியை. 2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் நியூடவுன் பள்ளியில் ஓர் இளைஞன் 20 குழந்தைகளையும் 6 பெண் ஊழியர்களையும் சுட்டுக் கொன்றான். அவனுக்கு ஆஸ்பெர்கர் என்ற செய்தி உலகம் முழுவதும் ஓடியது. அவன் வீட்டில் துப்பாக்கிகள் இருந்தன என்பதைவிட அது வேகமாக ஓடியது. ஒரு வாரம் கழித்து இறந்தவர்களுக்காக மணிகள் ஒலித்தன, 26 முறை. அவன் முதலில் கொன்றது தன் தாயை. அவர் அந்த எண்ணிக்கையில் இல்லை. அவர் சாவும் சாவுதான் என்று ஒரு மணி சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 16 இரவு, டெல்லிப் பேருந்தில் அந்த இளம்பெண்ணைச் சிதைத்தார்கள். செய்தவர்களுக்கு மூளையில் என்ன என்று யாரும் பெயர் தேடவில்லை. தேடத் தேவையில்லை, அவர்கள் சாதாரண ஆண்கள் என்பது நமக்குத் தெரிந்தே இருந்தது. ஆண்களின் வன்முறைக்கு நோயின் பெயர் கிடைத்துவிட்டால் நமக்கு நிம்மதி. வீடு, வளர்ப்பு, துப்பாக்கி, ஆண்மை எதையும் பார்க்க வேண்டியதில்லை. அந்த நிம்மதிக்கான விலையைத் தருவது வேறு யாரோ.

நம் ஊரிலும் அந்த விலையைத் தந்தவர்கள் உண்டு. வாஞ்சூர் எல்லைக்கு அப்பால், பிரிட்டிஷ் இந்தியாவின் 1912 சட்டம் சுற்றித் திரியும் மனநோயாளரை 'ஆபத்தானவர்' என்று கருதினால் பிடித்துச் செல்லக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. 1987இல் இயற்றப்பட்ட புதிய மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வரும்வரை அந்தச் சட்டம்தான் இருந்தது. எண்ணம் அதற்குப் பிறகும் இருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகை எரிந்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்தார்கள். அவர்களால் ஆபத்து என்றுதான் கட்டியிருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் 'ஆளவந்தான்' திரைக்கு வந்தது. மனநலக் காப்பகத்திலிருந்து தப்பிய கொலைகாரனைக் கண்டு அரங்கில் நாம் மிரண்டோம். கட்டுண்டு எரிந்தவர்களின் ஆண்டில் அவிழ்ந்து ஓடுபவனைக் கண்டு பயந்தோம்.

ஆட்டிசம் மனநோய் அல்ல. மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. ஆனால் "இவர்கள் வேறு, அவர்கள்தான் ஆபத்து" என்று சொல்லித் தப்பிக்க எனக்கு விருப்பமில்லை. மனநோய் உள்ளவர்களும் வன்முறை செய்வதைவிட அதற்கு ஆளாவதே மிகுதி. சட்டத்துக்கு இது தெரியும். 2012இன் போக்சோ சட்டம் குழந்தையின் ஊனத்தைப் பயன்படுத்திச் செய்யும் வன்கொடுமையைக் கடுங்குற்றமாக்கியது. டெல்லிச் சம்பவத்தை அடுத்து வந்த 2013 சட்டத் திருத்தம், மனநல அல்லது உடல் ஊனமுள்ள பெண்ணை வல்லுறவு செய்வதைக் கடுந்தண்டனைக்கு உரியதாக்கியது. வன்முறை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் பாய்கிறது என்பதை இந்தப் பிரிவுகளைப் படித்தாலே தெரியும்.

தமிழ் வாசிக்கும் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அரசு அறிவிப்புகளில் ஆட்டிசம் உள்ளவர்களை 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கமுடையோர்' என்று எழுதுகிறார்கள். அந்தப் பையனுக்குப் புற உலகம் இல்லாமல் போகவில்லை. அது அளவுக்கு மேல் வந்து விழுந்தது. நமக்கு மேளமாகக் கேட்டது அவனுக்குக் காதுக்குள் அடியாக விழுந்தது. 'அற்ற' என்று எழுதியவர்கள் அவனைக் கேட்டு எழுதவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தத் தாயின் முன்கையில் பல் தடம் இருக்கிறது. ஒரு முறை அவரே காட்டினார். அவன் துன்பத்தின் உச்சத்தில் கையில் கிடைத்ததைக் கடிப்பான். கிடைத்தது பெரும்பாலும் அம்மாவின் கை. அடங்கியதும் அதே கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவான். ஊருக்கெல்லாம் ரவிக்கை தைக்கும் அவர் தனக்கு மட்டும் முழுக்கை வைத்துத் தைத்துக்கொள்கிறார், சித்திரை வெயிலிலும். "வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடத்துல சேத்துக்க மாட்டாங்கக்கா. கொலைகாரன்னு சொல்லிடுவாங்க." இந்தக் கட்டுக்கதை செய்யும் மிகப் பெரிய கேடு இதுதான். உதவி கேட்க வேண்டிய பெண் காயத்தை மறைக்கிறாள். மறைப்பதால் பயிற்சியாளர் வருவதில்லை, ஓய்வு கிடைப்பதில்லை, அடுத்த கடியும் அவள் கையிலேயே விழுகிறது.

காரைக்காலில் இருந்துகொண்டு பேயைப் பற்றிப் பேசாமல் முடியாது. எங்கள் ஊர் அம்மையாருக்கு ஆட்டிசம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தையவருக்கு இன்றைய மருந்துச்சீட்டு எழுதுவது மடமை. ஆனால் சேக்கிழார் சொல்லும் கதையை ஒரு முறை வரிசையாகப் பாருங்கள். புனிதவதி மாம்பழம் தந்தாள். புரியாத ஒன்றைக் கண்ட கணவன் பரமதத்தன் அஞ்சினான், கப்பலேறிப் போனான், பாண்டி நாட்டில் வேறு மணம் செய்து பெண் குழந்தைக்கு அவள் பெயரையே வைத்தான். அவள் தசை உதறிப் பேய் உருவம் கொண்டாள். வழியில் கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள். கதை முழுக்க அவள் யாரையும் ஒரு அடி அடிக்கவில்லை. ஓடியவர்கள் எல்லோரும் மற்றவர்கள். ஆனாலும் பேய் என்ற பெயர் அவளுக்கு. அந்தப் பெயரையும் அவள் பிடுங்கிக்கொண்டு தன் பதிகத்தில் தன் கையொப்பமாக வைத்துவிட்டாள் என்பதே எனக்கு அவளிடம் பிடித்தது.

இவற்றையெல்லாம் சுருக்கி வகுப்பில் சொன்னேன். ஆட்டிசம் கொலைக்குக் காரணம் இல்லை என்றேன். திருவிழாவில் நடந்ததையும் சொன்னேன். மாணவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப அந்தப் பையனை அறைஞ்சவர் மேல யாரும் கம்ப்ளைன்ட் குடுக்கலியா மிஸ்?"

அந்த நெரிசலில் போலீசைக் கூப்பிடச் சொன்ன குரல்கள் எத்தனையோ. குற்றம் நடந்தது ஒன்றே ஒன்று. மேலே நின்று முழுதும் பார்த்தவள் நான்.

"இல்லைம்மா, நானும் குடுக்கலை" என்றேன்.