நாய் வளர்ப்புக் கட்டுரையும் ஒரு வெற்றிடமும்

1967-இல், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ட்ராய் ஸ்டேட் கல்லூரியின் மாணவர் பத்திரிகை ஒரு நாள் விசித்திரமாக வெளிவந்தது. பத்திரிகையின் பெயர் ‘ட்ரோபாலிடன்’. தலையங்கம் இருக்கவேண்டிய இடத்தில் தலைப்பு மட்டும் இருந்தது: ‘டாக்டர் ரோஸுக்காக ஒரு புலம்பல்’. அதற்குக் கீழே வெற்றுக் காகிதம். அதன் குறுக்கே சாய்வாக ஒரே ஒரு சொல்: ‘தணிக்கை செய்யப்பட்டது’.

அந்தத் தலையங்கத்தில் அப்படி என்னதான் இருந்தது? அலபாமா பல்கலைக்கழகத் தலைவர் ஃபிராங்க் ரோஸுக்கு ஆதரவான சில பத்திகள், அவ்வளவுதான். அந்தப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு கருத்தரங்கின் வெளியீட்டில் ஸ்டோக்லி கார்மைக்கேல், கம்யூனிஸ்டான பெட்டினா ஆப்தேக்கர் ஆகியோரின் பேச்சுப் பகுதிகள் இடம்பெற்றிருந்தன. எதிர்த்தரப்பில் ராணுவத் தளபதி ஒருவருடைய கருத்தும் அதே வெளியீட்டில்தான் இருந்தது. ஆனாலும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் சிலர் ரோஸ் மீது பாய்ந்தார்கள். ட்ராய் மாணவர் கேரி டிக்கி, ரோஸின் பக்கம் நின்று எழுதினார்.

ட்ராய் கல்லூரியில் ஒரு விதி இருந்தது. ஆளுநரையோ சட்டமன்றத்தையோ விமர்சித்துத் தலையங்கம் எழுதக்கூடாது. புகழ்ந்து எழுதலாம், அதற்குத் தடை இல்லை! கல்லூரித் தலைவர் ரால்ஃப் ஆடம்ஸ் சொன்ன நியாயம் இது: கல்லூரி அரசுக்குச் சொந்தம், பத்திரிகை கல்லூரிக்குச் சொந்தம், சொந்தக்காரரை எப்படித் திட்டமுடியும்?

இந்த விதியை மாணவரிடம் அமல்படுத்தவேண்டிய வேலை பத்திரிகையின் ஆசிரிய ஆலோசகருக்கு. தலையங்கத்தைப் போடக்கூடாது என்று சொன்ன கையோடு, அந்த இடத்தை நிரப்ப வேறு ஒன்றும் கொடுத்தார்கள். ‘வட கரோலினாவில் நாய் வளர்ப்பு’ என்பது அதன் தலைப்பு. கிண்டலுக்காக நான் சேர்த்த விவரம் இல்லை இது, நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. டிக்கி நாயை விட்டுவிட்டு வெற்றிடத்தை அச்சடித்தார். கீழ்ப்படியவில்லை என்று காரணம் காட்டிக் கல்லூரி அவரை இடைநீக்கம் செய்தது.

வழக்கு நீதிபதி ஃபிராங்க் ஜான்சனிடம் போனது. மாண்ட்கமரி பேருந்துகளில் நிறப் பாகுபாட்டை ஒழித்த தீர்ப்பிலும், செல்மா ஊர்வலத்தை அனுமதித்த தீர்ப்பிலும் பங்குள்ளவர் அவர். 1967 செப்டம்பரில் அவர் சொன்னதன் சாரம்: பத்திரிகை நடத்தியே ஆகவேண்டும் என்று எந்தக் கல்லூரிக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் பத்திரிகையைத் தொடங்கி, ஒரு மாணவரை ஆசிரியராகவும் வைத்த பிறகு, அரசை விமர்சித்ததற்காக அவரை வெளியே அனுப்பமுடியாது.

முதல்தடவை படிச்சப்போ எனக்கு டிக்கியைத்தான் பிடிச்சது. யாருக்குத்தான் பிடிக்காது? ஆனா இப்போ திரும்பப் படிக்கும்போது கண்ணு அந்த ஆலோசகர் மேலேயே போகுது. அவர் மாதச் சம்பளக்காரர். விதியை எழுதியவர் அவர் இல்லை. மாணவர் எழுதியதில் தப்பு இருக்கா என்று பார்ப்பதற்குக்கூட அந்த விதியில் இடமில்லை. யாரை விமர்சித்திருக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். சொல்லித்தரவேண்டிய ஒருவரைக் காவல்காரராக நிறுத்திவிட்டது கல்லூரி.

தீர்ப்புக்குப் பிறகு நடந்ததையும் சொல்லணும். கல்லூரி மேல்முறையீடு செய்தது. அதற்குள் டிக்கி வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். 1968-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இனி முடிவுசெய்ய ஒன்றுமில்லை என்று சொல்லி ஜான்சனின் தீர்ப்பை ரத்து செய்தது. மாணவர் பத்திரிகை வழக்குகளின் அடிப்படைச் சிக்கலே இதுதான். வழக்கு நடக்கும் வேகத்தைவிட மாணவர்கள் வேகமாகப் படித்து முடித்துவிடுகிறார்கள்.

நாற்பது ஆண்டு கழித்து கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் இதே கதை. 2004-இல் அங்கே கறுப்பின மாணவர் அமைப்புகளின் மாநாடு ஒன்று நடந்தது. மாணவர் பத்திரிகை ‘கொலீஜியன்’ அதைச் செய்தியாக்கவில்லை. மாணவர்கள் கோபப்பட்டார்கள், அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்த ஆண்டே பதவி இழந்தவர் ஆலோசகர். எதைப் போடுவது, எதை விடுவது என்று தீர்மானித்தது நாங்கள், அதற்கு அவரை எப்படித் தண்டிக்கலாம் என்று மாணவ ஆசிரியர்கள் வழக்குப் போட்டார்கள். 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த பதில்: நீங்கள்தான் பட்டம் வாங்கிப் போய்விட்டீர்களே!

இந்த இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ட்ராயில் ஆலோசகர் தடுக்கவேண்டியவராக இருந்தார். கேன்சஸில் தடுக்காமல், திருத்தாமல் இருந்தவர் வேலையை இழந்தார். பத்திரிகையில் வருவதற்கெல்லாம் ஆலோசகர்தான் பொறுப்பு என்று ஆகிவிட்டால், அவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அச்சுக்கு முன்னால் எல்லாவற்றையும் படித்துப் பேனாவால் அடிப்பதுதான். நல்ல மனிதராக இருந்தாலும் வேறு வழி கிடையாது.

இதற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகப் பத்திரிகை ‘அலிகேட்டர்’ கண்ட தீர்வு வேறு. 1971-இல் கருக்கலைப்புக்கு எங்கே போகலாம் என்ற பட்டியலை அது வெளியிட்டது. அந்த மாநிலச் சட்டப்படி அன்றைக்கு அது குற்றம். மாணவ ஆசிரியர் மீது வழக்கு வந்தது, கடைசியில் அந்தச் சட்டமே செல்லாது என்று ஆனது. நிர்வாகத்தோடு உரசல் முற்றி, 1973-இல் பத்திரிகை பல்கலைக்கழகத்தை விட்டே வெளியேறித் தனி நிறுவனம் ஆனது. நல்ல முடிவுதான். ஆனால் விளம்பர வருமானம் கொழிக்கும் பெரிய ஊர்ப் பத்திரிகைக்குத்தான் அது கட்டுப்படியாகும். சின்னக் கல்லூரிப் பத்திரிகை வெளியே வந்தால் அடுத்த மாதம் அச்சுக்கூலிக்கு எங்கே போகும்?

அப்படிப்பட்ட ஒரு சின்னப் பத்திரிகைதான் இல்லினாய் மாநிலம் கவர்னர்ஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ‘இன்னவேட்டர்’. அதன் ஆலோசகருக்கு வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மாணவர்கள் நிர்வாகத்தை விமர்சித்து எழுதினார்கள். 2000-இல் ஒரு நிர்வாக அதிகாரி நேராக அச்சகத்துக்கே தொலைபேசியில் பேசி, எங்கள் ஒப்புதல் இல்லாமல் அச்சடிக்காதே என்றார். பத்திரிகை நின்றுபோனது.

மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். இடையில் ஒரு பழைய தீர்ப்பு குறுக்கே வந்தது. 1988-இல் ஹேசல்வுட் வழக்கில், உயர்நிலைப்பள்ளிப் பத்திரிகையில் தலைமையாசிரியர் கைவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. கல்லூரிக்கும் அது பொருந்துமா என்ற கேள்வியை ஓர் அடிக்குறிப்பில் திறந்தே விட்டிருந்தது. அந்த அடிக்குறிப்பு வழியாகத்தான் அதிகாரி தப்பித்தார். சட்டம் தெளிவாக இல்லாதபோது அவரைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்க முடியாது என்று 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

நீதிமன்றத்தில் தோற்றது சட்டமன்றத்தில் ஜெயித்தது. 2008 ஜனவரி முதல் இல்லினாயில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசுக் கல்லூரிப் பத்திரிகையில் என்ன வரவேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் மாணவர்கள். அவர்கள் எழுதுவது கல்லூரியின் குரலாகக் கருதப்படாது, அதற்காகக் கல்லூரி மீது வழக்கும் போடமுடியாது. மாணவரின் எழுத்தைத் தடுக்க மறுத்தார் என்பதற்காக ஆலோசகரை நீக்கவோ மாற்றவோ தண்டிக்கவோ கூடாது.

என் பார்வையில் இந்தக் கடைசி வரிதான் ரொம்ப முக்கியம். மாணவர்கள் வருவார்கள், போவார்கள். மூன்று நான்கு வருஷம் தாண்டி பத்திரிகையோடு இருப்பவர் ஆலோசகர் ஒருவர்தான். அவரைப் பயமுறுத்திவிட்டால், மாணவர் மீது கையே வைக்காமல் பத்திரிகையை அடக்கிவிடலாம்.

அப்போ ஆலோசகருக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கு, நிறைய இருக்கு. ‘இதை யார் சொன்னது? எதிர்த்தரப்பிடம் கேட்டியா? இந்தப் பெயரைப் போட்டாகணுமா?’ என்று அச்சுக்கு முன்னால் கேட்கலாம். அச்சான பிறகு பத்திரிகையை விரித்துவைத்து, சிவப்பு மையால் தப்புகளைச் சுழித்துக் காட்டலாம். கேன்சஸ் மாநாடு விட்டுப்போனதைப் பேசவேண்டிய இடமும் அதுதான். கேட்பது அவர் வேலை, முடிவு மாணவருடையது. தப்பான முடிவாக இருந்தாலும்கூட.

அந்த 1967 இதழில் நாய் வளர்ப்புக் கட்டுரை வந்திருந்தால் இன்றைக்கு அதை யாரும் தேடிப் படித்திருக்க மாட்டோம்.