பிட்ரேஸ்: ஒரு நிரலை மற்றொரு நிரல் கட்டுப்படுத்திய வரலாறு

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை மற்றொரு நிரல் நிறுத்தவும், அதன் நினைவகத்தைப் படிக்கவும், மாற்றவும், மீண்டும் ஓடவிடவும் உதவும் இயங்குதள அழைப்பு பிட்ரேஸ் எனப்படும். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரு நிரல் மற்றொன்றின் நினைவகத்துக்குள் நேரடியாக நுழைய முடியாது. ஆனால் பிழை தேடும் நிரல் அந்த எல்லையைக் கடந்தே ஆக வேண்டும். எனவே இயங்குதளத்தின் மையமான கெர்னல் இடையில் நின்று, அனுமதி பெற்ற நிரலுக்காக அவ்வேலையைச் செய்கிறது. அந்த அனுமதியை யாருக்குத் தருவது என்பதே இதன் வரலாறு நெடுகிலும் எழும் கேள்வி.

தோற்றம்

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாகி 1975இல் வெளிவந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பில் பிட்ரேஸ் இடம்பெற்றது. தாய் நிரல் தான் தொடங்கிய சேய் நிரலை மட்டுமே கண்காணிக்கலாம். சேயும் அதற்கு முன்கூட்டியே இசைய வேண்டும். பிடிபி-11 கணினியில் ஓர் அழைப்புக்கு 2 பைட்டு மட்டுமே படிக்க முடிந்தது.

யார் இயக்கினாலும் தம் உரிமையாளரின் அதிகாரத்துடன் ஓடும் நிரல்களும் யுனிக்ஸில் உண்டு. அவற்றைக் கட்டுப்படுத்துபவர் அந்த அதிகாரத்தையும் கைப்பற்றிவிடலாம். ஆகவே கண்காணிப்பில் உள்ள நிரலுக்கு அச்சிறப்பு அதிகாரம் மறுக்கப்பட்டது.

செயல்படும் விதம்

நிரலை ஓரிடத்தில் நிறுத்த வேண்டுமெனில், பிழைநீக்கி அங்குள்ள கட்டளையைக் குறித்துவைத்துக்கொண்டு, அதன் இடத்தில் பொறிக் கட்டளை ஒன்றை எழுதும். நிரல் அங்கு வந்ததும் கெர்னல் அதை நிறுத்திப் பிழைநீக்கிக்குத் தெரிவிக்கும். ஆய்வு முடிந்ததும் பழைய கட்டளை திரும்ப எழுதப்பட்டு நிரல் தொடரும். லினக்ஸில் ஜிடிபி பிழைநீக்கி இம்முறையையே கையாள்கிறது. நிரல் விடுக்கும் இயங்குதள அழைப்புகளைப் பட்டியலிடும் எஸ்ட்ரேஸும் பிட்ரேஸையே நம்பியுள்ளது.

விரிவும் கட்டுப்பாடும்

பின்னர் சன்ஓஎஸ், லினக்ஸ் போன்றவற்றில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுடன் இணையும் வசதி வந்தது. ஒரே பயனரின் நிரல்கள் பொதுவாக ஒன்றையொன்று கண்காணிக்கலாம் என்றானது. பிழை தேடுவோருக்கு இது பெரும் வசதி. ஆயினும் தீநிரல் ஒன்று அதே பயனரின் வேறொரு நிரலிலிருந்து கடவுச்சொல்லைத் திருடவும் இது வழிவிட்டது. 2003இல் லினக்ஸ் கெர்னலில், சாதாரணப் பயனர் பிட்ரேஸ் வழியாக நிர்வாகி அதிகாரத்தையே பெறக்கூடிய ஓட்டை கண்டறியப்பட்டு அடைக்கப்பட்டது.

2012இல் லினக்ஸ் 3.4 பதிப்பில் யாமா என்னும் பாதுகாப்புக் கூறு சேர்ந்தது. அதன் கட்டுப்பாட்டை இயக்கினால், நிர்வாகி உரிமை இல்லாத நிரல் தன் வழித்தோன்றல்களையோ தனக்கு இசைவளித்த நிரலையோ மட்டுமே கண்காணிக்கலாம். தாய், சேய், இசைவு என்னும் 1975ஆம் ஆண்டு விதிக்கே இது பெரும்பாலும் திரும்பியது எனலாம்.