அந்நிய மண்ணில் நீதமான பார்வை



மனித குலம் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டிருப்பது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்காகவே என்று திருக்குர்ஆன் (49:13) உணர்த்துகிறது. ஆனால் அறிந்து கொள்ளுதல் எளிதான காரியமன்று. வேற்று நாட்டில் கால் வைப்பவரின் உள்ளம் முதலில் தனிமையால் வாடுகிறது. பின்னர் அங்குள்ள பழக்கவழக்கங்களைக் கண்டு வெறுப்படைகிறது. இவ்விரண்டையும் அனுபவித்தவர் உலகப் பயணி இப்னு பதூதா (ரஹ்) அவர்கள்.

மொரோக்கோவின் தான்ஜியர் நகரில் பிறந்த அவர்கள், 1325ல் தமது 21ஆம் வயதில் ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியாகப் புறப்பட்டார்கள். வழியில் காய்ச்சல் வாட்டியது. தூனிஸ் நகரை அடைந்தபோது, உடன் வந்த பயணிகளை ஊர் மக்கள் எதிர்கொண்டு வரவேற்றனர். இவருக்கு ஸலாம் கூற எவருமில்லை. துக்கம் தாளாது கண்ணீர் வடித்தார்கள். அதனை உணர்ந்த ஹஜ் பயணி ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறித் தேற்றினார். ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின் தம் பயண வரலாற்றைச் சொல்லி எழுதுவித்தபோதும் அந்த ஸலாமை அவர்கள் மறக்கவில்லை.

மாலத்தீவில் காஜியாகப் பணியாற்றியபோது, அங்குள்ள பெண்களின் உடை வழக்கத்தை மாற்ற முனைந்தார்கள். தமது நீதிமன்றத்திற்கு வருவோர் விஷயத்தில் மட்டுமே அது இயன்றது. சீனாவிலோ, வெளியில் கண்ட காட்சிகளால் மனம் குன்றி, தேவையின்றி வீட்டை விட்டு வெளியேறாதிருந்ததாகக் கூறுகிறார்கள். ஆயினும் பயணிகளுக்கு மிகவும் பாதுகாப்பான நாடு அதுவே என்றும் சாட்சியம் அளிக்கிறார்கள்.

1352ல் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிற்குச் சென்றார்கள். மன்னர் சுலைமானிடமிருந்து வெகுமதி வருகிறது என்றனர். கௌரவ ஆடைகளும் பணமும் எதிர்பார்த்தவருக்கு வந்தவை மூன்று ரொட்டிகள், பொரித்த மாட்டிறைச்சித் துண்டு, சுரைக்குடுக்கையில் தயிர்! அவர்கள் சிரித்துவிட்டார்கள். மன்னர் முன் மக்கள் தங்கள் தலையில் புழுதியை வாரிப் போட்டுக் கொள்வது முதலான பலவற்றை அவர்கள் வெறுத்தார்கள்.

எனினும் அம்மக்களின் நற்குணங்களையும் வரிசையாகப் பதிவு செய்தார்கள். அங்கே அநீதி குறைவு. வழிப்பயணிக்குத் திருடர் பயமில்லை. அந்நியர் ஒருவர் அங்கு இறந்தால் அவரது செல்வத்தில் எவரும் கை வைப்பதில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கு நேரத்தோடு செல்லாவிடில் தொழ இடம் கிடைக்காது. ஒரே ஒரு பழைய சட்டை உடையவரும் அதைத் துவைத்து அணிந்தே ஜுமுஆவுக்கு வருவார். பிள்ளைகள் குர்ஆனை மனனம் செய்வதில் அவர்களுக்கிருந்த ஆர்வமோ அளவற்றது.

அன்பர்களே! ஒரு சமூகத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்பது இறைக்கட்டளை (5:8). தமக்கு ஒவ்வாததை ஒவ்வாதது என்றே கூறிய இப்னு பதூதா (ரஹ்), அந்த வெறுப்பு நல்லதை மறைக்க இடமளிக்கவில்லை. வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் பிள்ளைகள் ஊருக்குப் பேசும்போது அந்நாட்டாரின் குறைகளை மட்டுமா சொல்கிறார்கள்? நிறைகளையும் கேளுங்கள், கற்றுக் கொள்ளுங்கள். நம் ஊருக்குப் பிழைப்புத் தேடி வந்த வெளியூர்த் தொழிலாளி பள்ளியின் கடைசி வரிசையில் தனித்து அமர்ந்திருந்தால், முதலில் நீங்களே ஸலாம் கூறுங்கள். ஒரு ஸலாம் ஓர் ஆயுள் முழுதும் நினைவில் நிற்கும்.

அத்தகைய நீதமான பார்வையை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.