வேலை செய்யுது, சரி. எவ்வளவு செய்யுது?

2011 அக்டோபர் 12-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-18 கிளம்பியபோது, அதில் நம்ம செங்கல்பட்டுப் பக்கத்துச் சரக்கு ஒண்ணும் ஏறிப்போச்சு. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் செய்த எஸ்.ஆர்.எம்.சாட். எடை சுமார் 11 கிலோ. அதிலிருந்து வந்த ரேடியோ சமிக்ஞையை அமெச்சூர் வானொலிக்காரர்களும் கேட்க முடிந்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. வீட்டு மாடியில் ஆன்டெனா சரியில்லைன்னா ஏறித் திருப்பி வைக்கலாம். விண்ணுக்குப் போனதை யார் போய்த் திருப்புறது? அதனால தரையில இருக்கும்போதே அளந்து பார்த்துடணும். இந்தப் பகுதியில் நாம பேசப்போறது அப்படி அளக்கும் கருவிகளைப் பற்றித்தான். குறிப்பா, கையால் கோத்துச் செய்த அளவுக் கருவிகள்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1924-இல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி சென்னை மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பு ஆரம்பமானது. டிரான்ஸ்மிட்டரின் சக்தி 40 வாட். நம்ம வீட்டு பழைய குண்டு பல்பு அளவுதான். இங்கிலாந்திலிருந்து உதிரி பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே கோத்தார் என்று சொல்வார்கள். பணப் பற்றாக்குறையால் 1927-இல் கழகம் மூடப்பட்டது. கருவிகள் மாநகராட்சிக்குப் போயின. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. ஆக, சென்னை வானொலியின் முதல் அத்தியாயமே உதிரி பாகங்களைக் கோத்த கதைதான்.

ஆனா கோத்தால் மட்டும் போதுமா? ஒரு டிரான்ஸ்மிட்டர் எந்த அலைவரிசையில் பேசுதுன்னு அதுவே சொல்லாது. உரிமம் வாங்கியவருக்கோ, அனுமதித்த அலைவரிசைக்குள் இருக்க வேண்டிய பொறுப்பு உண்டு. கொஞ்சம் தள்ளிப்போனா அடுத்தவர் பேச்சில் குறுக்கிடுவோம். இதைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்து ஆட்கள் வைத்திருந்த கருவி கிரிட் டிப் மீட்டர்.

அது எப்படி வேலை செய்யும்? ஒரே சுருதியில் கூட்டிய இரண்டு தம்புராக்களைப் பக்கத்துப் பக்கத்துல வைங்க. ஒண்ணை மீட்டினா, மற்றதோட நரம்பும் தானா அதிரும். அதே சங்கதிதான். மீட்டரில் ஒரு வால்வு சின்ன அலையை உண்டாக்கும். அதன் கம்பிச்சுருளை நீங்க சோதிக்கிற சுற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், டயலை மெதுவா திருப்பணும். இரண்டு சுருதியும் சேரும் இடத்தில் அந்தச் சுற்று சக்தியை உறிஞ்சும், மீட்டர் முள் சட்டென்று இறங்கும். உடனே டயலைப் படிச்சுக்கலாம். ஒரு வால்வு, ஒரு மீட்டர், மாற்றி மாற்றிச் செருக நாலைந்து சுருள்கள், அவ்வளவுதான். பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்தே பலர் செய்துகொண்டார்கள்.

இதே தேவையை அமெரிக்காவில் ஒருத்தர் வியாபாரமாக்கினார். மிச்சிகனில் இருந்த ஹீத் கம்பெனி, இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய பாகங்களை வைத்து 1947-இல் ஒரு ஆசிலோஸ்கோப் கிட் விற்றது. விலை 50 டாலருக்கு மேல் போகவில்லை. கவனிங்க, அவர்களுடைய முதல் எலக்ட்ரானிக்ஸ் கிட் ரேடியோ இல்லை, ஓர் அளவுக் கருவி! ஒவ்வொரு பற்றவைப்புக்கும் ஒரு கட்டம், முடிச்சதும் டிக் போடணும். கையேட்டைப் படிச்சவங்க கருவியோடு சேர்த்துக் கருவியின் உள்விவகாரத்தையும் கத்துக்கிட்டாங்க.

நம்ம ஊரில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த வருஷங்களில் அந்த மாதிரி கிட் எல்லார் கைக்கும் எட்டவில்லை. ராணுவத்தில் கழித்துவிட்டதும், பழைய ரேடியோவில் பிரித்ததும், ரிட்சி தெருவில் தேடியதும்தான் மூலப்பொருள்.

அந்தப் பழக்கத்தின் நல்ல வாரிசு ஹைதராபாத்தில் இருக்கிறார். அஷ்ஹர் ஃபர்ஹான். 2003-இல் அவர் வெளியிட்ட பிட்எக்ஸ் டிரான்ஸீவர், இங்கே கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே வடிவமைத்தது. சுருள் சுற்ற ஃபெரைட் வளையம் கிடைக்கலையா? தண்ணீர்க் குழாய் வாஷரில் சுற்றுங்க என்றார். உலகம் முழுக்க அதைச் செய்து பார்த்தார்கள். பிறகு அவரே ஆன்டுயினோ என்ற அளவுக் கருவியையும் வடிவமைத்தார். உள்ளே ஒரு ஆர்டுயினோ. ஆன்டெனாவைச் சோதிக்கும், சக்தியை அளக்கும். ரேடியோ கட்டியவருக்கு அடுத்த தேவை அளவுதான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கு. 2019 வாக்கில் நானோவிஎன்ஏ என்ற உள்ளங்கை அளவுக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்கே வந்துவிட்டது. அதன் மூல வடிவம் ஜப்பானில் ஒரு தனிமனிதர் செய்தது.

சரி, இதெல்லாம் பொழுதுபோக்குதானே என்று கேட்கலாம். நம்ம கடற்கரைக்கு வாங்க. கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை உப்புக்காற்று. ஆன்டெனா இணைப்பில் களிம்பு பிடிக்கும், கேபிளுக்குள் ஈரம் இறங்கும். ரேடியோவில் விளக்கு எரியும், பக்கத்துப் படகுக்குக் கேட்கும், எல்லாம் சரின்னு தோணும். ஆனா எஸ்.டபிள்யூ.ஆர். மூன்று என்று காட்டினால், ஆன்டெனாவுக்குப் போன சக்தியில் கால்வாசி திரும்பி வருதுன்னு அர்த்தம். கையடக்க செட்டின் 5 வாட்டில் அது சின்ன விஷயமில்லை. தூரத்தில் இருக்கும்போதுதான் அந்தக் குறை தெரியும், அப்போ சரிசெய்ய நேரமிருக்காது.

2004 டிசம்பரில் அமெச்சூர் வானொலிக் குழுவோடு பாரதி பிரசாத் போர்ட் பிளேரில் இருந்தார். 26-ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசி அறுந்தபோது, ஏற்கெனவே கட்டிச் சரிபார்த்து வைத்திருந்த அந்த நிலையம்தான் அந்தமானிலிருந்து செய்தி அனுப்பியது. அதே காலையில் அதே அலை மாமல்லபுரத்தையும் கல்பாக்கத்தையும் அடித்தது.

அதனால, பள்ளியில் பிள்ளைங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கிட் வாங்கிக் கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்.இ.டி. எரிஞ்சதும் கைதட்டி அனுப்பிடாதீங்க. எத்தனை வோல்ட், எந்த அலைவரிசை, எவ்வளவு திரும்பி வருதுன்னு அளக்கச் சொல்லுங்க. எண்ணை நோட்டில் எழுதச் சொல்லுங்க. முடிஞ்சா, அளக்கும் கருவியையே முதல் கிட்டாகச் செய்யச் சொல்லுங்க. ஹீத் கம்பெனி ஆரம்பிச்ச இடமும் அதுதானே.

மாநகராட்சி வானொலி மெரினாவில் ஒலிபெருக்கி வைத்த கதையை அடுத்த பகுதியில் பேசுவோம்.