எழுபது குறிகளுக்குள் அடைபட்ட தமிழ்

மல்லாவியிலிருந்து புத்தளத்திலுள்ள உறவினருக்குக் குறுந்தகவல் அனுப்பும் ஒருவர் ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் ஒரு தகவலில் 160 எழுத்துகள் அடங்கும். அதனையே தமிழில் எழுதினால் 70 குறிகளுடன் இடம் முடிந்துவிடுகின்றது. அந்த எழுபதும் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளின் எண்ணிக்கையன்று. 'மல்லாவி' என்ற ஊர்ப்பெயரில் நாம் காண்பது நான்கு எழுத்துகள். குறிமுறையோ புள்ளியையும் அரவையும் விசிறியையும் தனித்தனியே எண்ணி அவற்றை ஏழாக்குகின்றது. ஆகவே ஒரு தகவலில் இப்பெயரை இடைவெளியின்றித் தமிழில் பத்துத் தடவை எழுதலாம். ஆங்கிலத்தில் 22 தடவை எழுதலாம். தகவல் நீண்டு இரண்டாக, மூன்றாகப் பிரியும்போது, பகுதிக்கொரு கட்டணம் அறவிடப்படுமாயின் தாய்மொழியில் எழுதுபவரே கூடுதலாகச் செலுத்துகின்றார்.

தமிழ் பேசும் மக்கள் அனைவருக்கும் பொதுவான இக்குறை எவருடைய வஞ்சகத்தாலும் நேர்ந்ததன்று. 1985ஆம் ஆண்டில், ஐரோப்பிய கைத்தொலைபேசி நியமத்தை வகுத்த குழுவில் பணியாற்றிய பிரீட்ஹெல்ம் ஹில்லப்ராண்ட் என்ற ஜேர்மனியர், பொன் நகரிலுள்ள தமது வீட்டில் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து மனம்போனபடி வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார். ஏறத்தாழ எல்லாமே 160 எழுத்துகளுக்குள் அடங்கின. தபாலட்டைகளும் டெலெக்ஸ் செய்திகளும் அவருடைய கணக்குக்குத் துணை நின்றன. இறுதியில் ஒரு தகவலுக்கு 1,120 பிட் இடம் என்றாயிற்று. ஐரோப்பிய எழுத்தொன்றுக்கு ஏழு பிட் போதும். தமிழ்க் குறியொன்றுக்குப் பதினாறு பிட் வேண்டும். எழுபது என்ற எல்லை பிறந்தது இந்த வகுத்தலில்தான். அதற்குப் பதினொரு ஆண்டுகளின் பின், 1996இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தோரால் மல்லாவி நிரம்பி வழிந்தபோதுகூட, இங்கு தொலைபேசி சாதாரண மக்களுக்கு எட்டாப் பொருளாகவே இருந்தது.

இத்தகைய நியமங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை நம்மவர்கள் அறிந்திருத்தல் அவசியம். இத்துறையில் மூத்த அமைப்பு ஜெனீவாவிலுள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமாகும். தந்திச் செய்திகள் எல்லையைக் கடக்க ஒவ்வொரு நாட்டுடனும் தனித்தனி உடன்படிக்கை வேண்டியிருந்த நிலையை நீக்குவதற்காக 1865 மே 17ஆம் திகதி இருபது நாடுகள் பாரிஸில் கூடி அதனை நிறுவின. இன்று அது ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு நிறுவனங்களுள் ஒன்று. அதன் நியமங்களுக்கு 'விதந்துரை' என்றே பெயர். ஒரு நாடு தன் சட்டத்தில் ஏற்காதவரை அவை எவரையும் கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் ரொறன்ரோவிலிருந்தோ டோஹாவிலிருந்தோ மல்லாவிக்கு அழைப்பவர் 94 என்று தொடங்குவதும், எந்நாட்டுச் சர்வதேச இலக்கமும் பதினைந்து இலக்கங்களை மீறாதிருப்பதும் அத்தகைய விதந்துரையின் பயனே.

விதந்துரைக்கு விதை எழுத்துமூல முன்மொழிவாகும். உறுப்பு நாடோ, உறுப்புரிமை பெற்ற நிறுவனமோ, பல்கலைக்கழகமோ அதனை ஆய்வுக் குழுவொன்றிடம் சமர்ப்பிக்கலாம். வரைவு முதிர்ந்தபின் இருவழிகள் உள. தொழில்நுட்ப விடயமாயின், குழு இணங்கியதும் நான்கு வாரங்கள் இறுதி அழைப்பு விடப்படும். தக்க ஆட்சேபம் வராவிடின் அது நிறைவேறிவிடும். இலக்கத் திட்டம், கட்டணம் முதலான கொள்கைத் தொடர்புடையவை நீண்ட பாதையில் செல்கின்றன. உறுப்பு நாடுகளுக்குக் கடிதம் போகும். பதிலளித்தவற்றுள் 70 சதவீதமாவது ஆதரிக்க வேண்டும். பின்னர் கூட்டத்திலும் எதிர்ப்பின்றி ஏற்கப்பட வேண்டும். பதிலளித்த நாடுகளே கணக்கில் கொள்ளப்படுகின்றன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மௌனம் வாக்காக எண்ணப்படுவதில்லை.

கைத்தொலைபேசியின் உள்விபரங்களோ வேறோர் இடத்தில் தீர்மானமாகின்றன. குறுந்தகவல் நியமம் ஐரோப்பியக் குழுவிடமிருந்து 1998இல் அமைந்த 'த்ரீ ஜிபிபி' என்ற கூட்டமைப்பின் கைக்கு மாறியது. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனா, தென்கொரியா ஆகியவற்றின் நியம அமைப்புகளுடன் 2015இல் இந்தியாவினதும் அதில் பங்காளியானது. அங்கும் முன்மொழிவு கொண்டுவருபவரே பேசுகின்றார். இயன்றவரை ஒருமித்த முடிவே தேடப்படுகின்றது.

தமிழின் கதை இங்குதான் திருப்பம் காண்கின்றது. பிறமொழி எழுத்துகளையும் ஏழு பிட்டில் அடக்கும் மொழி அட்டவணைகளைக் கூட்டமைப்பு பின்னாளில் நியமத்தில் சேர்த்தது. துருக்கி, ஸ்பானியம், போர்த்துக்கேயம் ஆகியவற்றுடன் இந்திய மொழிகள் பத்து இடம்பெற்றன. தமிழும் உருதுவும் அவற்றுள் அடங்கும். எனினும் நியமத்தில் இருப்பதும் கருவியில் இருப்பதும் ஒன்றல்லவே! துருக்கி தன் நாட்டில் விற்பனையாகும் கருவிகளுக்கு அதனைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. தமிழுக்கு அவ்வாறு எவரும் கட்டாயமாக்காமையால் அட்டவணை பெரும்பாலும் ஏட்டளவில் நிற்கின்றது.

அப்பட்டியலில் சிங்களம் இல்லை. தமிழ் இடம்பெற்றதும் இந்திய மொழி என்ற வகையிலேயேயன்றி, 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அரச கரும மொழியாக்கிய இலங்கைத் தமிழ் என்ற வகையிலன்று. வட்ஸ்அப் வந்தபின் குறுந்தகவலுக்கு என்ன மதிப்பு என்று சிலர் கேட்கலாம். வங்கியின் இரகசிய இலக்கம் இன்றும் அதன் வழியே வருகின்றது. இணைய இணைப்பு இல்லாத சாதாரண கைத்தொலைபேசிக்கு வெள்ள எச்சரிக்கையைக் கொண்டுசெல்லக் கூடியதும் அதுவே. எழுபது குறிகளில் குளத்தின் பெயரையும், வான்கதவு திறக்கும் நேரத்தையும், ஒதுங்க வேண்டிய பாடசாலையையும் சேர்த்து எழுதிப் பார்த்தால் இடநெருக்கடி விளங்கும்.

கருவிகளை அனுமதிக்கும் அதிகாரம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் உண்டு. சிங்களத்துக்கு அட்டவணை கோருவதும் தமிழ் அட்டவணையைக் கருவிகளுக்கு நிபந்தனையாக்குவதும் ஒரே கோப்பில் அடங்கக்கூடிய வேலைகளே. 2024 ஒக்டோபரில் சர்வதேச ஒன்றியத்தின் நியம மாநாடு புதுடில்லியில் கூடியது. ஆசிய பசிபிக் பிராந்தியத்தில் அது கூடியது அதுவே முதற்றடவை. கொழும்பிலிருந்து மூன்றரை மணி நேர விமானப் பயணத் தூரம்.